வெள்ளையாக இருந்த பக்கம்: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மேனுவல் தேடிய கதை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில், மிளகு மூட்டைகளுக்கும் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும், ஓடாத பல்பர் இயந்திரத்துக்கும் நடுவில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, ஆர்.சி. புத்தகத்தில் 1967. பின் சீட் கிடையாது. அது இருந்த இடத்தில் தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்த ரோல் பார், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க. கதவில் வெள்ளை பெயின்ட் வட்டம், அதற்குள் பாதி உதிர்ந்த ஓர் எண். தோட்டத்துக்காரரின் பெரியப்பா இதைச் சோழவரத்தில் ஓட்டியவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிட்டுப் பந்தயம் விட்ட நாட்கள் அவை. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்பார்கள். இந்த வண்டி நிஜமாகவே மலையேறிவிட்டது.

இறக்கிக்கொண்டு வரும்போது மினி லாரிக்குப் பின்னால் பைக்கில் வந்தேன். எந்த வளைவில் கயிறு அறுமோ என்ற பயத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளையும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்று விடாமல் படித்தேன். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்தியதும் மேஸ்திரி பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானெட் என்றால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக முழுசாகச் சாயும். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் கடை விரித்த மாதிரி தெரியும். அவர் ஸ்பேனரை எடுக்கப் போனார். நான் வேண்டாம் என்றேன். மேனுவல் கையில் வரும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"புக்கப் பாத்துத்தான் வேலை செய்யணும்னா நான் எதுக்குங்க?" என்றார். வருத்தப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். நாற்பது வருடம் அம்பாசிடரும் ஃபியட்டும் பிரித்த கை. ஆனால் இது வேறு யாரோ பந்தயத்துக்காகப் பிரித்து, மாற்றி, மாட்டிய வண்டி. எது கம்பெனி வைத்தது, எது பெரியப்பா வைத்தது என்று தெரியாமல் கை வைத்தால், தப்பையும் சேர்த்துப் பத்திரமாகத் திருப்பி மாட்டிவிடுவோம்.

கம்பெனியைக் கேட்கலாம் என்றால் கம்பெனி இல்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அதற்குப் பின் கேஸல், கடைசியாக 1985இல் ஸ்டாண்டர்டு 2000, அத்தோடு கார் தயாரிப்பு நின்றுபோனது. பிரிட்டனில் தாய் நிறுவனமான ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபும் லேலண்டுக்குள் கரைந்து காணாமல் போய்விட்டது. ஆக, மேனுவல் என்பது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தால்தான் உண்டு.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய பேப்பர் கடைகள் நாலு ஏறி இறங்கினேன். டிராக்டர் மேனுவல் கிடைத்தது, தையல் மெஷின் மேனுவல் கிடைத்தது. சென்னை போன வேலையோடு வேலையாகப் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினேன். அங்கே ஹெரால்டின் கதவுக் கைப்பிடி முதல் கிரவுன் வீல் வரை எடுத்துக் காட்டுகிறார்கள். புத்தகம் என்றதும் சிரிக்கிறார்கள்.

அப்புறம்தான் நான் செய்த முதல் முட்டாள்தனம். "ஹெரால்டு ஒர்க்‌ஷாப் மேனுவல், முழுசு" என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் ஒரு டிஸ்க் வாங்கினேன். ஆண்டு 1967 முதல் என்று போட்டிருந்தது. நம் வண்டியும் 1967, பொருத்தம் பத்தும் சரி என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஹெரால்டு 13/60. அது 1296 சி.சி. எஞ்சின், ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர். எங்கள் வண்டியில் இருப்பது 948 சி.சி. பக்கங்களும் சாய்வாக ஸ்கேன் செய்யப்பட்டு, 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் இருந்தன.

இதில் விற்றவர் தப்பு பாதி, என் தப்பு பாதி. பிரிட்டனில் 1959இல் 948 சி.சி.யுடன் வந்த ஹெரால்டு, 1961இலேயே 1147 சி.சி.க்கு மாறியது, 1967இல் 1296 சி.சி. வந்தது. இந்தியாவிலோ ஹெரால்டு கடைசிவரை அந்த 948 எஞ்சினோடுதான் ஓடியது. அதாவது என் வண்டிக்கு ஆர்.சி. வயது 1967, உடம்பு வயது 1960. தேட வேண்டியது பிரிட்டிஷ் ஹெரால்டு 948 மேனுவல். இந்திய வண்டி எதற்கும் மேனுவல் தேடுகிறவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: பிறந்த தேதியைப் பார்த்து ஜாதகம் தேடினால் வேறு யாரோ ஒருவருடைய ஜாதகம்தான் கிடைக்கும்.

சரி, என் எஞ்சின் உண்மையிலேயே 948தானா? பந்தய வண்டி என்பதால் அதையும் நம்ப முடியாது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற மட்டும் மேஸ்திரிக்கு அனுமதி கொடுத்தேன். போர் கேஜ் வைத்து அளந்தோம். கம்பெனி அளவு போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 63 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 76 மி.மீ. எங்களுக்கு வந்தது 63.5. பிஸ்டன் தலையில் கார்பனைச் சுரண்டியதும் 020 என்ற முத்திரை தெரிந்தது. இருபது தவ் ஓவர்சைஸ்; ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 963 சி.சி. பெரியப்பா பேராசைப்படவில்லை, 1000 சி.சி. வகுப்புக்குள்ளேயே நின்றிருக்கிறார்.

பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர் தொகுதியான டிஃபரென்ஷியலையும் அப்படியே பிரிக்காமல் சோதித்தோம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்கு வருவதுதான் உண்மையான விகிதம். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினோம்: ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் 4.875, பிரிட்டிஷ் 948 சலூனின் அதே விகிதம். இரட்டைக் கார்புரேட்டர் கூபேக்கு 4.55. மலையேற்றத்துக்கு 4.875 நல்லதுதான், நீண்ட நேர்பாதையில் எஞ்சின் கத்தும்.

மேனுவல் கிடைத்தது நான் தேடிய எந்த இடத்திலும் இல்லை. ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு லேத்தில் வேறொரு வேலைக்கு நின்றிருந்தபோது, லேத்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். குகைப் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார், முன்பு டீலர் பட்டறையில் வேலை பார்த்தவர், பட்டறை மூடும்போது புத்தகங்களைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர் என்று. அன்று சாயங்காலமே போனேன்.

பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், மஞ்சள் துணிப்பையில் சுற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். ட்ரையம்ஃப் ஹெரால்டு, கவென்ட்ரியில் அச்சானது. அட்டை போயிருந்தது. கொடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்றேன்.

"புத்தகம் வாசப்படி தாண்டாது தம்பி. அப்படிப் போன புத்தகம் ரெண்டு இன்னும் திரும்பி வரல. இங்கியே உக்காந்து என்ன வேணுமோ பாத்துக்கங்க. எத்தன நாள் வேணும்னாலும் வாங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு பலகை மேல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கைபேசியில் படம் எடுத்தேன். இப்படி எடுக்கப்போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்கள். ஒன்று, பக்கத்தை அழுத்த மேலே கண்ணாடி வைத்தால் வானம் பிரதிபலித்து எழுத்து போய்விடும். ஓரங்களில் இரண்டு எவர்சில்வர் டம்ளரை வைத்தால் போதும். இரண்டு, ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் தெரியும்படி வையுங்கள். பிற்பாடு வரைபடத்திலிருந்து அளவு எடுக்கும்போது அந்த ஸ்கேல்தான் காப்பாற்றும். பெரியவரின் மருமகள் நாலு மணிக்குத் தட்டுவடை செட் கொண்டுவந்து வைப்பார்கள். சட்னிக் கையோடு பக்கத்தைத் திருப்பக் கூடாது என்பதால், செட் முடியும்வரை வேலைக்கு இடைவேளை.

படம் எடுத்துக்கொண்டே போகும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் புத்தகத்தில் பக்கங்களின் நிறம் ஒன்றாக இல்லை. கியர் பாக்ஸ் பகுதி கன்னங்கரேல் என்று இருந்தது. கட்டைவிரல் ரேகை பதிந்து, ஆயில் ஊறி, சில வரிகள் படிக்கவே முடியவில்லை. கிளட்ச் பகுதி பழுப்பு. பிரேக் பகுதியின் ஓரங்கள் கிழிந்திருந்தன. எந்த வேலை அந்தப் பட்டறைக்கு அதிகம் வந்தது என்று அழுக்கை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் முன் சஸ்பென்ஷனுக்கு எண்ணெய் போடுவதைச் சொல்லும் பக்கம் மட்டும் நேற்று அச்சடித்தது போல வெள்ளையாக இருந்தது. ஒரு விரல் தடம்கூட இல்லை. அப்போது அதை ஓர் அழகான விஷயமாகத்தான் பார்த்தேன், நன்றாகப் படம் விழுந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

மேனுவல் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தது அடுத்த தப்பு. மேனுவலைப் பொறுத்தவரை பாதி வேலை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: கழற்றிய வரிசையைத் தலைகீழாக மாற்றி மாட்டவும். எங்கள் வண்டியைக் கழற்றிய பெரியப்பாவின் ஆட்கள் எந்த வரிசையில் மாட்டினார்கள் என்பதை யாரைப் போய்க் கேட்பது? இதற்குத்தான் பார்ட்ஸ் கேட்டலாக். ஒவ்வொரு வாஷரும் எந்தப் பக்கம், எத்தனை என்று பிரித்துப் பரப்பிய படத்தில் காட்டும். மேனுவலை விட கேட்டலாக்கைத்தான் நான் அதிகம் புரட்டினேன். இரண்டுமே பிரிட்டனில் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. புரூக்லேண்ட்ஸ் புக்ஸ் மாதிரி பதிப்பகங்கள் பழைய கம்பெனி மேனுவல்களை அப்படியே அச்சடித்து விற்கின்றன. பெரியவரின் பிரதியில் கறுத்துப்போன எண்களைச் சரிபார்க்க ஒரு மறுபதிப்பையும் வரவழைத்தேன். சிலிண்டர் ஹெட் நட்டுக்கான டார்க், அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு, என் படத்தில் நாற்பத்து என்னவோ முதல் 46 பவுண்டு-அடி என்று தெரிந்தது. மறுபதிப்பில் தெளிவாக 42 முதல் 46. என் டார்க் ரெஞ்ச் நியூட்டன்-மீட்டர்க்காரன். அவனுக்கு 57 முதல் 62. எந்த டார்க் எண்ணையும் ஒரே பிரதியை நம்பி எடுப்பதில்லை என்று ஷெட் சுவரில் எழுதியே வைத்துவிட்டேன்.

பந்தயத்துக்கென்று தனி ஆவணம் உண்டு: ஹோமோலோகேஷன் படிவம். ஒரு மாடலைப் பந்தயத்துக்கு அனுமதிக்கும்போது கம்பெனி உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.விடம் கொடுக்கும் பத்திரம். எடை, வால்வு விட்டம், கியர் விகிதங்கள், எல்லாப் பக்கப் புகைப்படங்கள் என்று அதில் இருக்கும். கம்பெனி மேனுவல் தெருவில் ஓடும் வண்டிக்கு; பந்தயத்தில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதற்கு இந்தப் படிவம்தான் சாட்சி. ஹெரால்டு ஓட்டுகிறவர்களுக்கு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் காகிதங்களும் உதவும். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனையும் பின் ஆக்சிலையும் வைத்துக் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார்தான். எஞ்சினும் இதே குடும்பம். 1965 லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் வகுப்பு வெற்றி பெற்றது. அமெரிக்காவில் ட்ரையம்ஃபின் பந்தயப் பிரிவை நடத்திய காஸ் காஸ்ட்னர் ஸ்பிட்ஃபயருக்கென்று பந்தயத் தயாரிப்புக் கையேடே எழுதினார். ஆனால் ரோல் பார், பெல்ட், தீயணைப்பான் விஷயத்தில் இந்தப் பழைய காகிதம் எதையும் நம்பாதீர்கள். அதற்கு இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் இன்றைய விதிகள்தான். பெரியப்பாவின் தண்ணீர்க் குழாயை முதல் வாரமே அறுத்து எடுத்துவிட்டோம்.

இனி வேலை. முதலில் சேஸிஸ். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். மேனுவலில் சேஸிஸின் அளவு வரைபடம் ஒன்று இருக்கிறது. எங்காவது மோதி வளைந்த வண்டியா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. நூலில் தூக்குக் குண்டைக் கட்டி, ஒவ்வொரு குறியையும் தரையில் இறக்கி, சாக்பீஸ் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளந்தோம். இரு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் 4 மி.மீ. அறுபது வயதை நெருங்கும் பந்தயக்காரனுக்கு அது கூன் இல்லை என்று விட்டுவிட்டோம்.

பின் சக்கரம் மாட்டும் மையத் துண்டான ஹப்பைக் கழற்றும் இடத்தில் மேனுவல், சர்ச்சில் டூல் இன்ன எண்ணைப் பயன்படுத்தவும் என்கிறது. பிரதமர் சர்ச்சில் இல்லை, அந்தக் காலத்தில் ஸ்பெஷல் டூல் செய்த கம்பெனி. ஹப் கூம்பு வடிவ ஷாஃப்டில் 'கீ' என்ற சின்ன இரும்புத் துண்டோடு இறுகி உட்கார்ந்திருப்பதால் சாதாரணப் புல்லர் வளைந்துவிடும். லேத்காரர் 20 மி.மீ. பிளேட்டில் ஒன்று கடைந்து கொடுத்தார். ஒரு ராத்திரி முழுக்க இறுக்கத்திலேயே விட்டு வைத்தோம். காலையில் ஷெட்டைத் திறக்கும் முன்பே டமார் என்று சத்தம். ஹப் தானாகவே விட்டுக்கொடுத்திருந்தது.

எஞ்சினில் மேஸ்திரிக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. இந்த எஞ்சினின் முன் அடியில், ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் வந்து சேரும் இடத்தில், ஓர் அலுமினியத் துண்டு உண்டு. அதன் இரு ஓரத்திலும் உள்ள இடுக்கை மரத்துண்டால் அடைக்கச் சொல்கிறது கம்பெனி. மரம்தான். கேஸ்கெட் பசை தடவி, தட்டி இறக்கி, மிச்சத்தைச் சமமாகச் சீவிவிட வேண்டும். பழைய இடத்தில் பெரியப்பாவின் ஆட்கள் எம்-சீல் மாதிரி எதையோ அடைத்திருந்தார்கள்; சம்ப் முழுக்க ஆயில் ஒழுகிய கறை. நான் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"எஞ்சினுக்கே ஆப்பு வைக்கச் சொல்றீங்களா?" என்றார் மேஸ்திரி.

கேஸ்கெட் செட்டோடு வந்த துண்டுகளில் ஒன்று தட்டும்போதே பிளந்தது. மேஸ்திரி ஒரு மாம்பழப் பெட்டியின் பலகையை உடைத்து, பிளேடால் சீவி, அதே அளவில் இன்னொன்று செய்தார். மென்மையான மரம், அழுத்தியதும் இடுக்கின் வடிவத்துக்கு வந்துவிட்டது. எஞ்சின் ஓட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது, கீழே வைத்த அட்டையில் அந்த இடத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. அன்றிலிருந்து மேஸ்திரி தானாகவே, "புக்குல என்ன போட்டிருக்கான்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஆனால் முன் சஸ்பென்ஷனில் அவர் கேட்கவில்லை, சொன்னார். ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டையான இரும்புத் துண்டு ஒன்று இருக்கும், வெர்டிக்கல் லிங்க். நம் ஊரில் பொதுவாகக் கிங் பின் என்றே சொல்லிவிடுவார்கள். அதன் கீழ்முனை போல்ட் மாதிரி மரை போட்டது. அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்காரும். அதற்குப் பெயர் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரை வெண்கலத்துக்குள் திரும்பும், வண்டியின் முன்பாரமும் அதன் மேல்தான். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை. மாற்றி மாட்டவே முடியாது. ட்ரன்னியனில் ஒரு சின்ன பிளக் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் மாட்டி, எண்ணெய் ஏற்ற வேண்டும். கிரீஸ் இல்லை, எண்ணெய்: கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற மாதிரி கெட்டியான 90 ஆயில். அந்த வெள்ளைப் பக்கத்தில் இருந்தது இதுதான்.

எங்கள் வண்டியில் பிளக் இருந்த இடத்தில் நிப்பிள் நிரந்தரமாகவே மாட்டப்பட்டு, உள்ளே கிரீஸ் கல்லாகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சோப்பு போல உதிர்ந்தது.

"சஸ்பென்ஷனுக்கு எவனாவது ஆயில் ஊத்துவானாங்க? ஒழுகிப் போயிடும். கிரீஸ்னா நிக்கும்."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற எல்லா வண்டியிலும் அவர் சரி. இங்கே மட்டும், கிரீஸ் மரை முழுக்கப் பரவுவதில்லை. ஒரே இடத்தில் தடித்து நிற்கிறது, மரைக்குள் தண்ணீர் சேர்கிறது, மரை துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இடத்தில் மரையின் பள்ளத்தில் விரிசல் தொடங்கும். ஒரு நாள் வளைவில் திருப்பும்போது லிங்க் முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கும். தெருவில் மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் பானெட் நசுங்கும். ஏற்காட்டு இறக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. வண்டி கடைசியாக இதே நிலையில்தான் அந்த மலையை ஏறியிருக்கிறது.

வாதாடிப் பிரயோஜனம் இல்லை என்று மச்சானைக் கூப்பிட்டேன். அவன் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டிங் சோதனை பார்க்கிறவன். மூன்று ஸ்ப்ரே டப்பாவோடு வந்தான். லிங்க் இரண்டையும் கெரசினில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, கிளீனர் அடித்துக் காயவிட்டான். பிறகு சிவப்புச் சாயம். கத்திரிப்பூ கலந்த அடர் சிவப்பு, ஆயில் மாதிரி மரை முழுக்க ஓடியது. பத்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை. துணியில் கிளீனரை நனைத்து மேலே இருந்த சாயத்தைத் துடைத்தான். லிங்க் மறுபடி வெறும் இரும்பாகத் தெரிந்தது. கடைசியில் வெள்ளை டெவலப்பர், சுண்ணாம்பு அடித்த மாதிரி மெல்லிய படலம்.

வலது பக்கம் வெள்ளையாகவே இருந்தது. இடது பக்கத்தில், ட்ரன்னியனுக்கு மேலே முதல் மரையின் பள்ளத்தில், முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டும் சேர்ந்து முடி கனத்தில் ஒரு கோடு, சுற்றளவில் கால் பங்குக்கு. உள்ளே விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் வெள்ளைக்கு மேலே ஏறி வந்து காட்டிக்கொடுத்தது.

மேஸ்திரி அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்தார். நகத்துக்குத் தட்டுப்படவில்லை. திருப்பிப் பெஞ்சில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அன்று திரும்பி வரவில்லை.

லிங்கும் ட்ரன்னியனும் இன்றைக்கும் புதிதாகக் கிடைப்பதற்குக் காரணம் ஹெரால்டு மட்டும் இல்லை. ஆல்ஃபர்டு அண்டு ஆல்டர் செய்த இந்த அமைப்பைப் பல பிரிட்டிஷ் பந்தய, ஸ்போர்ட்ஸ் கார் தயாரிப்பாளர்கள் வாங்கிப் பயன்படுத்தினார்கள். லோட்டஸ் ஈலான் வரைக்கும் போயிருக்கிறது. அந்த வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருப்பதால் பாகமும் உற்பத்தியில் இருக்கிறது. இரு பக்கத்துக்கும் புது லிங்க், புது ட்ரன்னியன் வரவழைத்தேன். விரிசல் இல்லாத வலது பக்கத்தையும் மாற்றினேன். அதே கிரீஸ், அதே வயது. மாட்டும்போது மேனுவல் சொல்வது: மரையை அடிவரை திருகி, ஸ்டீயரிங் இரு பக்கமும் முழுசாகத் திரும்ப இடம் கிடைக்கும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். அடியிலேயே முட்டக் கொடுத்தால் திரும்பும்போது லிங்கை நாமே முறுக்குகிறோம்.

மேஸ்திரி மறுநாள் வந்தபோது கையில் அவருடைய பழைய கிரீஸ் கன். பிரித்து, கெரசினில் கழுவி, உள்ளே ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல் துடைத்து, 90 ஆயில் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நிப்பிளில் வைத்து அழுத்தினார். பத்துப் பதினைந்து அழுத்தலுக்குப் பிறகு ட்ரன்னியனின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் கசிந்து, அதன் மேலேயே வழிந்து இறங்கி, தரையில் சொட்டியது. தரையில் சொட்டினால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்துக்கு அடியில் ஓர் அட்டையை அவரே தள்ளி வைத்தார். அந்த அட்டை இன்னும் அங்கேதான் கிடக்கிறது, வாரம் ஒரு முறை மாற்றுகிறோம்.

டாப்பெட் பத்து தவ், பாயின்ட் பதினைந்து, பிளக் இருபத்தைந்து. இதெல்லாம் அரை நாள் வேலை, எழுத ஒன்றும் இல்லை. போன மாதம் அடிவாரத்திலிருந்து ஏழாவது வளைவுவரை ஏற்றி இறக்கினேன். ஸ்விங் ஆக்சில் பின்பக்கம் பயமுறுத்தும் என்று படித்திருந்தேன்: வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பாகம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடியும். எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்த பிறகு காலை எடுக்காமல் போனேன். முன்பக்கம் மட்டும் கை வைத்த இடத்துக்கு வந்தது. 25 அடி விட்டத்தில் திரும்பும் வண்டி அது, கொண்டை ஊசிக்கென்றே செய்த மாதிரி.

நடுவில் ஒரு நாள் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். விரிசல் விட்ட லிங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் ஏன் ஐயா இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நாங்களும் கிரீஸ்தான் தம்பி அடிச்சோம். அதுக்கு எதுக்குப் புக்கு?"

அடுத்த வேலை கியர் பாக்ஸ். இரண்டாவது கியரில், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ போயிருக்கிறது. பெரியவரின் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள்தான் ஒரே கறுப்பு. மறுபதிப்பில் எழுத்து தெளிவாக இருக்கிறது, ஆனால் ஓரத்தில் பென்சிலில் யாரோ எழுதிய குறிப்புகள் பெரியவரின் பிரதியில்தான் இருக்கின்றன. வரும் ஞாயிறு டார்ச்சும் ஒரு லென்ஸும் எடுத்துக்கொண்டு குகைக்குப் போக வேண்டும்.